விளக்கு மட்டும்

பண்ருட்டியிலிருந்து கிளம்பிய தீயணைப்பு வண்டி
செம்மண் தடத்தில் புதைந்து,
தள்ளி, மறுபடி புதைந்து
வந்து சேர்ந்தபோது
நனைப்பதற்கு மிச்சமிருந்தது
எங்கள் சபையின் படிக்கட்டு.

பங்குனி பிறந்து ஆறு நாள்.
முந்திரி பிடித்திருந்த நேரம்.
கொட்டை ஓட்டுக்குள் எண்ணெய் இருக்கிறதல்லவா,
ஒவ்வொன்றாக வெடித்தது.
யார் வீட்டுக் கல்யாணமோ என்று
புரண்டு படுத்தேன்.

இருபத்திரண்டு குடும்பம். சாவு இல்லை
என்று எழுதிக்கொண்டார் வி.ஏ.ஓ.
மாசிலாவின் பசு, கட்டு அவிழ்க்க மறந்தது.
அதைச் சாவு என்றுதான் மாசிலா சொல்கிறாள்.
நாங்களும் அப்படிச் சொல்லிப் பழகியவர்கள்தான்.

மரத்திலேயே வெந்த பலா
மூன்று நாள் மணந்தது.
வெறும் வயிற்றோடு அதை முகர்வது
பாவம் செய்வது மாதிரி இருந்தது.
ராத்திரிகளில் நெய்வேலிப் பக்கம் வானம் சிவந்தால்
எழுந்து எழுந்து பார்த்தோம்.

சந்தையில் ஒருவன் கேட்டான்:
"வெளக்கத்தான கும்புடுறீங்க,
ஒங்க சாமியே நேர்ல வந்துட்டுப் போயிருக்கு."
சிரிப்பதா அடிப்பதா தெரியாமல்
ஒரு கிலோ உப்பு வாங்கிக்கொண்டு வந்தேன்.

தகரங்களை விலக்கிப் பார்த்தோம்.
ஏழு திரையில் ஒரு நூல்கூட இல்லை.
கண்ணாடி சில்லுச் சில்லாய்.
தூங்காவிளக்கு கவிழ்ந்து கிடந்தது,
தொட்டால் குளிர்ந்தது.
எல்லாம் எரிந்த இடத்தில்
விளக்கு மட்டும் அணைந்திருந்தது.

நெல்லிக்குப்பத்து ஜமாத்தார் வேனில் வந்தார்கள்.
"வெறும் குஸ்காதாங்க. கறி தொடாத அண்டா, புதுக் கரண்டி"
நாங்கள் கேட்கும் முன்னே சொன்னார் ஜியாவுதீன்.
அறுபது வருஷம் பரிமாறிய சபை,
தட்டை எந்தப் பக்கம் பிடித்து நீட்டுவது என்று
தெரியாமல் நின்றது.

பதினோராம் நாள் அடுப்புக் கூட்டினோம்.
மூன்று கல், கருகிய முந்திரிக் கட்டை.
கரியாய்ப் போன மரத்தையே திரும்ப எரிக்க வேண்டும்.
நெருப்புப்பெட்டி கைமாறிக் கைமாறிப் போனது,
யாரும் உரசவில்லை.
கடைசியில் அஞ்சலாட்சி,
கட்டுப் போட்ட வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு
இடக்கையால் உரசினாள்.
மூன்றாம் குச்சி பிடித்தது.
புகை கண்டு குழந்தைகள் ஓடின.
துரத்திப் பிடித்துவந்து உட்காரவைத்தோம்.

கஞ்சி வரிசையின் கடைசியில்
கொளஞ்சி நின்றான்.
குத்தகைத் தோப்புக் காவல்.
சருகு கூட்டி எரித்துவிட்டு
டீ குடிக்கப் போனவன்.
ஸ்டேஷனில் எழுதித்தரச் சொன்னார்கள்; தரவில்லை.
தர வேண்டாம் என்றும் எங்களில் யாரும் சொல்லவில்லை.

வந்தவரை யாரென்று கேட்காமல் சோறிடு
என்று எழுதியிருந்த பலகை எரிந்துவிட்டது.
அதனால் ஒரு நிமிஷம்
கேட்கலாம் போலிருந்தது.
கரண்டி அண்டாவுக்கும் தட்டுக்கும் நடுவே நின்றது.
அவன் தன் வீட்டுத் தட்டைக் கொண்டுவந்திருந்தான்.
சட்டைப்பையில் நெருப்புப்பெட்டி
சதுரமாய்த் துருத்தியது.

ஊற்றினேன்.
மற்றவர்களுக்கு ஊற்றியதைவிடக் குறைவாகத்தான்.
அவனுக்குத் தெரிந்திருக்கும்.
ஒன்றும் சொல்லாமல்
கருகிய பலா மரத்தடியில் போய் உட்கார்ந்தான்.

மறுநாள் விடிகாலை
உலை கொதிக்கும் முன்பே
வரிசையின் கடைசியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
இன்னும் யாருமே வந்திருக்கவில்லை.