காருக்குள் ரொட்டி

கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு
ஏரிக்கரையில் காரை நிறுத்தி
ரை ரொட்டி தின்கிறேன்.
வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினெட்டு.
என் மூச்சே கண்ணாடியில் படிந்து உறைந்துவிட்டது,
ஈசல்மியில் யாருக்கும் நான் தெரியவில்லை.
எழுபத்திரண்டு வயதில்
ஒளித்துவைக்க எனக்கும் ஒன்று கிடைத்திருக்கிறது.

மூன்று வருஷமாய்த் தௌனோவின் ரத்தத்தில்
இரும்பு தங்கவில்லை.
மாத்திரை கொடுத்தார்கள். கறுப்பாய்ப் போனது, அவ்வளவுதான்.
பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டார்,
பிறகு இன்னொன்று.
சௌனா படியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தபோது
முட்டை ஓடு மாதிரி எலும்பு என்றாள்
எக்ஸ்ரே எடுத்த பெண்.
வயிறு வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை.
வயசு என்றார் டாக்டர்.
வயசு என்றாள் நாத்தனார் ஹெல்வி.
சூப்பில் கரண்டியைப் போட்டுவிட்டு
ஜன்னலையே அவர் பார்த்துக்கொண்டிருந்த குளிர்காலம் முழுக்க
நானும் அதைத்தான் சொன்னேன்,
அவர் காதில் விழாதபடி.

லீவுக்கு வந்த டாக்டருக்குப் பதிலாக வந்த சின்னப்பெண்தான்
இன்னொரு ரத்தம் எடுக்கச் சொன்னாள்.
பிறகு தொண்டை வழியே குழாய்.
குடலுக்குள் மெல்லிய விரல்கள் உண்டாம்,
சாப்பாட்டைப் பிடித்து உடம்புக்குக் கொடுப்பவை.
இவருக்கு அவை மழுங்கித்
தரையோடு தரையாய்க் கிடக்கின்றனவாம்.
கோதுமை, ரை, பார்லி, மூன்றும் ஆகாது.
எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன்.
இனிமேல் என்றாள்.
'எழுபத்து நாலு வருஷமாய் நான் தின்ற ரொட்டி' என்றார் தௌனோ,
கோர்ட்டில் எதிர்ப்பக்கம் ஏறி நிற்கும்
சிநேகிதனைப் பார்த்ததுபோல.

மரக் கரண்டிகளை அடுப்பில் எரித்தோம்.
இரண்டு டோஸ்டர். இரண்டு வெண்ணெய்,
மூடியில் பெயர் எழுதி.
என் கத்தி தவறி அவர் ஜாமுக்குள் போனால்
மூன்று நாள் படுக்கை.
முத்தத்துக்கு முன் வாய் கொப்பளிக்கிறேன்.
முத்தம் எப்போதாவதுதான். ஆனாலும்.
சர்ச்சில் அப்பத்துக்கு அவருக்கென்று தனித்தட்டு,
நாற்பது வருஷம் இந்த ஊர்ச் சாலைகளில்
பனி தள்ளும் வண்டி ஓட்டியவர்
காதுவரை சிவந்து நின்றார்.

அப்புறம், யாரும் எங்களிடம் சொல்லாத ஒன்று.
கோடையில் விசிலடிக்க ஆரம்பித்தார்.
ஒன்பது கிலோ ஏறினார்.
ராத்திரி பதினோரு மணிக்கு அலமாரியைத் துழாவும் சத்தம்.
வரிக்காக, மீன்பிடி உரிமத்துக்காக,
பக்கத்து வீட்டு நாய்க்காகச் சண்டை.
ஏரியைச் சுற்றி நடந்தால்
எனக்காக நின்று காத்திருப்பது இப்போது அவர்.
வயசு என்று நினைத்ததில் பாதி
ரொட்டியாம்.

சந்தோஷம்தான்.
ஆனால் அந்த மூன்று வருஷமும்
நான் அவரை மெல்ல மெல்ல வழியனுப்பிக்கொண்டிருந்தேன்.
வங்கிக் காகிதங்களை ஒரே உறையில் சேர்த்தேன்.
என் கறுப்புக் கோட்டைச் சலவைக்குக் கொடுத்தேன்.
அது பிளாஸ்டிக் உறையோடு
இன்னும் அலமாரியில் தொங்குகிறது.
இதற்குமுன் ரொட்டியெல்லாம் ஒரு ரகசியமா?

நேற்றுக் காரில் ஏறியவர்
சீட்டில் விரலை ஒற்றி எடுத்தார்.
ஒரு துணுக்கு.
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் பார்த்தார்.
கதவைத் திறந்து
பனியை அள்ளிக் கையைத் தேய்த்துக்கொண்டார்.
'குளிரில் வந்து தின்பாயா?
வீட்டிலேயே சுடு' என்றார்.
'நான் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்கிறேன்.
வாசனை ஒன்றும் செய்யாது.'

இன்று காலை சுட்டேன்.
சொன்னபடி ஜன்னலோரம் உட்கார்ந்தார், கண்ணை மூடி.
கொஞ்சம் கருகவிடு என்றார்.
விட்டேன்.
கோட்டை அவர் பார்த்திருப்பாரா என்று
கேட்கத் தோன்றியது,
வாயில் ரொட்டி இருந்தது.