அரைக் கிலோ கருங்காடு

கோத்தகிரி பஸ் நிலையத்துக்கு எதிரே
ஓவன் சூட்டில் கண்ணாடி வேர்க்கும் கடை.
விலைப் பலகையில் மூன்றாவது வரி:
பிளாக் ஃபாரஸ்ட், அரைக் கிலோ, நானூற்று இருபது.
ஒன்பது வருஷமாக நான் துடைத்துத் துடைத்து எழுதுவது
விலையை மட்டும்தான்.

வனத்துறைக் காக்கி, கம்பளித் தொப்பி,
புறங்கையில் அட்டை கடித்த தடம்.
மசணன் என்று பில்லில் போடச் சொன்னவர்
பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார்.
"ஃபாரஸ்ட்டுன்னா எந்த பீட்டும்மா?
ரிசர்வா?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

தெரிந்ததைச் சொன்னேன்.
ஜெர்மனியில் ஒரு மலை. ஊசியிலை மரங்கள்
நெருக்கியடித்து நிற்குமாம். வெயில் தரைக்கு வராதாம்.
அதனால் கருங்காடு.
அங்கே காய்ச்சும் செர்ரிச் சாராயத்தை ஊற்றிச் செய்ததால்
கேக்குக்கும் அதே பேர் என்கிறார்கள்.
"இதுல சாராயம்?"
சர்க்கரைத் தண்ணி.
"செர்ரி?"
முதலாளி பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினேன்:
களாக்காய். சாயம் போட்டுப் பாகில் ஊறியது.
"களாவா! எங்க கீழ்க்காட்டுல
முள்ளு முள்ளாக் கெடக்கே."

உள்ளே எப்படி இருக்கும் என்றார்.
மழைக்குச் சரிந்த ரோட்டோரம் மாதிரி:
கருப்பு மண், வெள்ளை, மறுபடி கருப்பு மண்.
தலையாட்டிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"எங்க சோலைக்குள்ளயும் வெயில் வராது.
பகல் பன்னெண்டுக்கு டார்ச் அடிச்சிருக்கேன்.
கருப்புன்னு தோணினதில்ல.
தூர நின்னு பாத்தவங்க வெச்ச பேரா இருக்கும்."

கூம்பைப் பிழிந்து ரோஷிணி என்று எழுதினேன்.
'ணி'யின் கொக்கி
சாக்லேட் துருவலுக்குள் ஓடிவிட்டது.
எத்தனை மெழுகுவத்தி? ஏழு வயசு.
ஒண்ணு போதும், காத்துக்கு நிக்காது.
பில்லில் இடமில்லை. பி.எஃப். அரை என்று கிறுக்கினேன்.
கரிக்கையூர் பஸ்ஸில் ஜன்னலோரம்
மடியில் பெட்டியோடு போனார்.

ராத்திரி ஒன்பதரைக்குக் கடைப் போன்.
"வளைவுல ஒத்தை யானை. ஒரு மணி நேரம்
பஸ்ஸுக்குள்ளயே கெடந்தோம்.
காடு ஒரு பக்கமாச் சாஞ்சிருச்சும்மா."
மாற்றித் தரட்டுமா என்றேன்.
"எதுக்கு? தின்னாச்சு.
களாக்காய மட்டும் பாப்பா எடுத்து வெச்சிருக்கா,
நட்டா மொளைக்குமான்னு கேக்குறா."

கொட்டை எடுத்துத்தான் டப்பாவில் வரும் அது.
சிக்னல் சரியில்லாதது போல
ஹலோ, ஹலோ என்றேன்.