மழைக்குத்தான்

ஏழாம் செமஸ்டர். காசிமேட்டில் ஒரு தேவாலயம்.
அறுபதுக்கு நூற்றுப்பத்தடி மனை,
முந்நூறு பேர், ஒரு பலிபீடம்,
கன்டெய்னர் லாரி ஓயாத சாலை ஒரு பக்கம்.

பதினான்கு பேர் வரைந்தோம்.
பதினான்கு பேருமே சுவரைச் சிலுவையாகக் கீறி
வெளிச்சத்தை உள்ளே விட்டிருந்தோம்.
பங்குத்தந்தை வந்து ஒவ்வொன்றாய்க் குனிந்து பார்த்தார்.
"பூசை சாயங்காலம் ஆறரைக்கு.
அப்ப இந்த ஓட்டைல என்ன வரும்?"
"கொசு" என்றார்கள் பின்வரிசையில் யாரோ.

எனக்குக் கோயிலென்றால் சுற்றி வருவது.
உட்கார்ந்து, எழுந்து, முழங்காலிட்டு, மறுபடி உட்காரும் வழிபாட்டை
டேப் பிடித்துத்தான் தெரிந்துகொண்டேன்:
முழங்காலிட்டவரின் தோள் உயரம்
மூன்றடி இரண்டங்குலம்.

மற்றதையெல்லாம் செலஸ்டினிடம் கேட்பேன்.
எல்லோரும் அவனிடம்தான் கேட்போம்.
நற்கருணைப் பேழை எந்தப் பக்கம்,
பாஸ்காத் திரி எவ்வளவு உயரம்,
பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தமிட
வரிசை எந்த இடத்தில் வளையும்,
முந்நூறு ஜோடி செருப்பு எங்கே போகும்.
பென்சிலை எடுக்காமலே சொல்வான்.
காசிமேட்டுக்காரன். அப்பா விசைப்படகு ஓட்டுகிறார்.

பாவசங்கீர்த்தனத் தொட்டி மட்டும்
எனக்குப் பிளானில் உட்காரவேயில்லை.
காதுக்கும் வாய்க்கும் எத்தனை அங்குலம்?
இரவு இரண்டு மணி, தரமணி ஸ்டுடியோ,
ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை நிமிர்த்தி வைத்து
ஜன்னல் வெட்டிக் கொசுவலை ஒட்டினோம்.
நான் உள்ளே, ஸ்டூலில், சாமியாராக.
அவன் வெளியே, தெர்மாகோல் துண்டின்மேல் முழங்காலில்.

"சாமி என்னை ஆசீர்வதியும்" என்றான், குரலைக் கட்டையாக்கி.
சிரித்தேன்.
"கட்டர் பிளேடு மூணு திருடிட்டேன். உன்னுதுதான்."
சிரித்தேன். ஏழங்குலம் என்று குறித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்.
பிறகு அவனுடைய சொந்தக் குரல்:

"மூணு வருஷமா நான் பூசைக்குப் போகல.
ஞாயித்துக்கிழமை அம்மா சட்டைய அயர்ன் பண்ணிக் குடுப்பாங்க.
கோயில் பின்னாடி ஐஸ் ஃபேக்டரி சந்து இருக்குல்ல,
அங்க நின்னுடுவேன். மைக்ல எல்லாம் கேக்கும்.
கடைசிப் பாட்டு வந்ததும் வீட்டுக்குப் போயிடுவேன்.
ஏன்னு கேக்காத, எனக்கே தெரியல.
உள்ள போகவும் முடியல.
போகாம இருக்கவும் முடியல."

அவன் மூச்சுப் பட்டு வலை அசைந்தது.
இந்தப் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று உண்டு.
அது எனக்குத் தெரியாது.
தெரிந்தவனோ முழங்காலில் இருந்தான்.

"மழ வந்தா?" என்றேன்.
"நனைவேன்."

விடிவதற்குள் பின்சுவர்ப் பக்கம்
கூரையை மூன்றடி வெளியே இழுத்தேன்.
செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவே கையகல இடைவெளி,
மைக் போனாலும் கேட்கட்டும் என்று.

ஜூரியில் செலஸ்டினுக்குத்தான் முதலிடம்.
நியாயம். அவன் கோயிலில் ஒவ்வொன்றும்
அதனதன் இடத்தில் இருந்தது.
என் மாடலைத் திருப்பி வைத்து,
பெங்களூரிலிருந்து வந்த நடுவர் விரலை நீட்டினார்.
"கதவே இல்லாத பக்கத்தில் இறவாரம் எதற்கு?
அங்கே யார் நிற்கப் போகிறார்கள்?"

தூணோரம் செலஸ்டின்,
கையைக் கட்டிக்கொண்டு,
தன் ஷூவையே பார்த்துக்கொண்டு.

"மழைக்குத்தான் சார்" என்றேன்.

"சுவருக்கு வாட்டர்ப்ரூஃபிங் போதுமே" என்று
சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.
மூன்றடியும் போனது. ஆறு மார்க்கும்.

அட்டைப்பெட்டியை வாட்ச்மேன் மடக்கி
எடைக்குப் போட்டுவிட்டார், வலையோடு.
செலஸ்டின் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை,
நானும்.
வெள்ளிக்கிழமை என் டிராயரைத் திறந்தால்
மூன்று கட்டர் பிளேடு,
புதுசு, உறை பிரிக்காமல்.

ஐப்பசிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.