ஆய்வாளர் பெயர்

ஜாம் போத்தல் ஒன்றும் மிச்சமில்லை வீட்டில்.
ஊறுகாய் போட வழியில்லை.
எல்லாவற்றிலும் இடைக்காட்டுத் தண்ணி:
கோயிலடிக் கிணறு, வாசிகசாலைக் கிணறு,
வெங்காயத் தோட்டத்துக் கிணறுகள்.

கடதாசித் துண்டை நனைத்து
நிறம் மாறும்வரை
மூச்சும் விடமாட்டாள் யதுர்சிகா.
"பால் பொங்குது பிள்ளை" என்றால்
"ஒரு நிமிசம்" என்பாள்.
அது உண்மையாகவே ஒரு நிமிசம்தான்,
மணிக்கூடு பார்த்து.

போன கிழமை அவள் கொப்பியைத் திறந்தேன்.
ஆய்வாளர் பெயர் என்ற இடத்தில்
விஞ்ஞான சேரின் பெயர்.
"வெயிலுக்குள்ள சைக்கிள் உழக்கினது
சேரோ?"
பேசாமல் கொப்பியை மூடினாள்.

நேற்றுப் பின்னேரம் படலையில் ஆள்.
"உந்தப் பெட்டைக்கு என்ன தெரியும்" என்ற
அதே தோட்டக்காரர்.
கையில் சோடாப் போத்தல் நிறையத் தண்ணி.
"பேரன் பிறந்திருக்கிறான்.
இதில மாப்பால் கரைக்கலாமோ?"

கடதாசி சிவந்தது.
இன்னும் சிவந்தது.
"ஏலாது மாமா.
கொதிக்க வச்சாலும் ஏலாது."
குரல் கொஞ்சம் நடுங்கியது. சொல் நடுங்கவில்லை.

இரவு முழுக்க அழிறப்பர் தேய்க்கிற சத்தம்.

காலையில் பார்த்தேன்:
தாளில் சின்னப் பொத்தல்.
அதைச் சுற்றி, வரி ஏறி இறங்கி,
யதுர்சிகா இராசநாயகம், தரம் எட்டு.

தரம் எட்டை மட்டும்
பிறகு வெட்டியிருக்கிறாள்.