ரெம் தொடாதே

புதுவயல். அடைக்கப்பன் ரைஸ் மில்.
எடைமேடையில் ஒரு லாரி ஏறி நிற்கிறது,
இறங்க முடியாமல்.
பின்னால் ஆறு லாரி.
எடைபோடும் மெஷினோ
தனக்கு டிஸ்க்கே இல்லை என்கிறது.

இருக்கிறதே, உள்ளே சுற்றும் சத்தம் கேட்கிறதே.

மூடியைக் கழற்றினால்
ஒரு விரற்கடை உமித்தூசி.
போர்டோடு பற்றவைத்த பேட்டரி
பச்சையாய்க் கசிந்து
பக்கத்துக் கம்பிகளையும் தின்றிருக்கிறது.
எலுமிச்சையைப் பிழிந்து பல்துலக்கும் பிரஷால் தேய்த்தேன்.
(எடைபோடும் சாத்தையா தன் சோற்றுக்கு வைத்திருந்த ஊறுகாய்ப் பழம் அல்ல,
வாசலில் திருஷ்டிக்குக் கட்டியது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.)

டிஸ்க்கின் முதுகில் ஒட்டிய சீட்டில்
அதன் ஜாதகம்:
உருளை ஆயிரத்துப் பத்து
தலை பன்னிரண்டு
பிரிவு ஐம்பத்தைந்து.
விசைப்பலகையில் தட்டிச் சொன்னதும்
ஆமாம் ஆமாம் என்று
எழுந்து உட்கார்ந்தது.

உட்கார்ந்ததோடு சரி.
எடை புரோகிராமைக் கூப்பிட்டால்
நினைவகம் போதவில்லை.

போன மாதம் மின்னலில் பழைய எடைத்தலை போய்
கோயம்புத்தூர்க்காரன் புதிது மாட்டியபோது
ஒரு டிரைவரையும் சொருகிவிட்டுப் போயிருக்கிறான்.
பதினாறு எம்பி இருக்கே மேடம் என்கிறார் அடைக்கப்பன்.
இருக்கிறது.
ஆனால் இந்தப் புரோகிராமுக்குக் கணக்கு
கீழே உள்ள அறுநூற்று நாற்பது மட்டும்.
மேலே எத்தனை இருந்தாலும்
அது பக்கத்து வீட்டு நெல்.

வேண்டியது ஐந்நூற்று எண்பத்து மூன்று.
காலி ஐந்நூற்று எழுபத்தொன்று.

எஃப்-எட்டை அழுத்தி
வரிவரியாய் விசாரித்தேன்.
இது வேண்டுமா? ஆம்.
இது? ஆம்.
மவுஸ்? மவுஸே இல்லை. இல்லை.
அதில் மிச்சம் ஒன்பது. இன்னும் மூன்று.

அப்போதுதான் வந்தது அந்த வரி.
பெயரைப் பார்த்தால் என்னவென்றே தெரியாத ஒரு டிரைவர்,
பதினான்கு கே தின்றுகொண்டு.
அதன் தலைமேல் ஒரு ரெம்:
ஆங்கில எழுத்தில் தமிழ்.
தொடாதே. உ.

யார் இந்த உ?
சாத்தையா சிரித்தார்.
நீங்கதான் மேடம்.
மில்லு திறந்த வருசம்
ரெண்டு நாள் இங்கயே கிடந்தீங்களே,
மூணாம் நாள் எழுதிட்டுப் போனது.

உமையாள். நான்.
ஏன் எழுதினேன்?
எத்தனை யோசித்தும்
காலிப் பக்கம்.
ரெம் என்றால் மெஷின் படிக்காது,
மனுசன் படிக்க.
எழுதியவளே படிக்கிறாள், புரியவில்லை.

மேடையில் நிற்கும் அருளானந்து ஹாரன் அடித்தார்.

அந்த டிரைவருக்கும் முன்னால்
ரெம் என்று மூன்று எழுத்து போட்டேன்.
ஐந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு.
புரோகிராம் திறந்தது.
எடை வந்தது.
சீட்டு கிர்ரென்று வந்தது,
தேதி ஒன்று-ஒன்று-எண்பது.
அன்னிக்கு நான் பொறக்கவே இல்லையே
என்று அருளானந்து அதைத் திருப்பித் தந்தார்.
தேதியைத் திருத்தி இன்னொன்று.

ஏழு லாரியும் இறங்கும்வரை
எது கெடும் என்று பார்த்திருந்தேன்.
ஒன்றும் கெடவில்லை.
அது இன்னும் பயமாக இருந்தது.
பழைய ரெம்முக்குக் கீழே புதிதாய் ஒன்று:
எடுத்துவிட்டேன், இடம் போதாமல்.
முன்பு ஏன் வைத்தேன் என்று தெரியாது.

பேட்டரி திங்கட்கிழமை வரும்,
அதுவரை மெஷினை அணைக்கவே கூடாது.
மூன்று முறை சொன்னேன்.
சாத்தையா மூன்று முறையும் தலையாட்டினார்.

கண்டனூர் தாண்டும்போது போன்.
மேடம், மணி ஆறாச்சா,
கை தானாப் போயி அணைச்சிருச்சு.

இருபது வருசப் பழக்கம்.
கையில் ஏறி உட்கார்ந்தது
எந்த எஃப்-எட்டுக்கும் நிற்காது.

போடுங்க, சொல்றேன் என்றேன்.
உருளை ஆயிரத்துப் பத்து.
தலை பன்னிரண்டு.
சீட்டில்லை, குறிப்பில்லை,
தானாக வந்தது.
பிரிவு ஐம்பத்தைந்து.

காரைக்குடி, காரைக்குடி என்று கண்டக்டர் கத்த
அறுபத்தஞ்சா மேடம், என்றார் சாத்தையா.