அட்டைத் திரை

க்தினியா துறைமுகத்தில் பகலெல்லாம் கிரேன் ஓட்டுகிறேன்.
முப்பது டன் பெட்டியை
முட்டையை வைப்பதுபோல் இறக்கி வைப்பேன்.
வெள்ளி இரவில் என் கையில் இருப்பது
பெருவிரல் பருமனில் ஒரு பகடை,
இருபது முகம்.
அதுதான் கனக்கிறது.

நான்காம் மாடி. ரேடியேட்டர் முனகுகிறது.
கீழே டிராலிபஸ் கம்பியில் நீலப்பொறி.
மேசையில் வரைபடம், ஊறிய வெள்ளரிச் சாடி,
ராடோஸ்வாவ் கடித்துக் குதறிய பென்சில்.
எனக்கு முன்னால் மூன்று மடிப்பு அட்டைத் திரை.
அதற்குப் பின்னால் விழுவது
எனக்கு மட்டும்தான் தெரியும்.

பாலத்தில் பூதம்.
பாலத்தின் நடுவில் போஜெனாவின் மிர்வா,
ஒன்றரை வருடமாக வெள்ளிதோறும்
அவள் மூச்சுக் கொடுத்து வளர்த்த
ஒற்றைக்காதுக் கள்ளத்தோணிக்காரி.
உயிர்ப்புள்ளி மூன்று.

உருட்டினேன்.
இருபது.

போன மார்ச்சிலும் இப்படித்தான் விழுந்தது.
அந்த வாரம்தான் போஜெனா
அண்ணனைப் புதைத்துவிட்டு வந்திருந்தாள்.
பூட்ஸில் மண்கூடக் காயவில்லை.
"நான்கு" என்றேன். "தப்பிவிட்டாள்."
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
விதிப்புத்தகம் மூடியே கிடந்தது.
அதற்குப் பிறகு எந்தப் பூதம் வந்தாலும்
ஒருவரும் நாற்காலி நுனிக்கு நகரவில்லை.
ஒருவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்
டிராகன் வந்தபோது.

இப்போதும் வாய் தயாராக இருக்கிறது.
நான்கு. ஐந்து. ஏதோ ஒன்று.

போஜெனா வெள்ளரிச் சாடியை ஓரமாகத் தள்ளினாள்.
"கிங்கா, திரையை எடு."
"எதுக்கு?"
"மார்ச்சில் நீ பொய் சொன்னப்போ
உன் காது சிவந்தது.
இப்பவும் சிவந்திருக்கு.
அன்னைக்கு எனக்கு அது வேண்டியிருந்தது, வாங்கிக்கிட்டேன்.
இன்னைக்கு வேண்டாம்."

அட்டையை மடித்தேன்.
பகடை அங்கேயே கிடந்தது
விளக்கு வெளிச்சத்தில், கூச்சமே இல்லாமல்.

"விழுவதற்கு முன்னால்
மிர்வா என்ன செய்கிறாள்?"
கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.
ரேடியேட்டர் இரண்டு முறை முனகியது.

"கயிற்றை அறுக்கிறாள்" என்றாள் போஜெனா.
"பாலம் பூதத்தோடு போகட்டும்.
அப்புறம்...
இடது பூட்ஸைக் கழற்றி இக்கரைக்கு எறிகிறாள்.
உள்ளே, கோர்ஸுக்குத் தரவேண்டிய கடன்."
கோர்ஸ் என்றால் ராடோஸ்வாவ்.
"எவ்வளவு?" என்றான், தொண்டை கட்டி.
"பதினோரு காசு குறையுது. மன்னிச்சுக்கச் சொல்றாள்."

சிரித்தோம். அவன் சட்டைக்கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டே.

தாளில் இருந்த மூன்றை
போஜெனா ரப்பரால் அழித்தாள்.
அந்த இடத்தில் சுழியம் எழுதவில்லை.
ஊதினாள்.
துகள் வரைபடத்தின் மேல் விழுந்தது,
ஏரிப் பக்கமாக.
"புதுத் தாள் ஒண்ணு கொடு" என்றாள். பிறகு,
"வேண்டாம், அடுத்த வாரம்."

பதினொன்றரைக்கு எல்லோரும் போனார்கள்.
பாத்திரங்களைக் கழுவினேன்.
ஒன்று குறைவதுபோல் இருந்தது.
எண்ணிப் பார்த்தேன்,
சரியாகத்தான் இருந்தது.
விளக்கை அணைக்குமுன்
பகடையைச் சும்மா ஒருமுறை உருட்டினேன்.
ஏழு.
ஏழு என்றால்
யாருக்கும் ஒன்றும் ஆகாது.