கண்ணாடி சுரண்டும் அட்டை

டுலூத், ஜனவரி.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
லோர்னா கிவெலா சமையலறை மேசையில்
மின்கட்டண உறையின் முதுகில்
கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

வங்கி எழுதியிருக்கிறது, பெயர் சொல்லி, பாசமாக:
முப்பது வருடம் எங்களோடு இருக்கிறீர்கள்.
உங்கள் நீல அட்டையைக்
கறுப்பு அட்டையாக உயர்த்திக்கொள்ளலாம்.
ஆண்டுக்குத் தொண்ணூற்றைந்து டாலர் மட்டும்.

'மட்டும்' என்ற சொல்லைப் பேனாவால் வட்டமிடுகிறாள்.

மளிகைக்கு மும்மடங்குப் புள்ளி.
மாதம் நானூறு என்றால் வருடத்துக்கு
நாலாயிரத்து எண்ணூறு.
அதற்குக் கறுப்பு தருவது நூற்று நாற்பத்து நாலு டாலர்.
நீலம் இப்போதே தருவது நாற்பத்தெட்டு.
கழித்தால் தொண்ணூற்றாறு.
கட்டணம் போக
லாபம் ஒரு டாலர்.

அந்த ஒரு டாலரை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
சுமைகூலி தெரிந்துவிட்டது,
சுண்டைக்காய் இவ்வளவுதானா?
பூனைத் தீனி மளிகையில் சேருமா?
சேர்ந்தால் ஏழு டாலர்.

அப்புறம் அந்தத் தூண்டில்:
மூன்று மாதத்தில் நாலாயிரம் செலவழித்தால்
அறுபதாயிரம் புள்ளி.
மளிகை ஆயிரத்து இருநூறு.
இரண்டு வருடமாய்த் தள்ளிப்போட்ட கடைவாய்ப் பல்லுக்கு
டாக்டர் பிரெக்கே கேட்பது ஆயிரத்து நானூறு
(வலித்தது வீண்போகவில்லை).
பனி டயர் எழுநூறு.
இன்னும் எழுநூறு டாலருக்கு
ஏதாவது தேவைப்பட்டாக வேண்டும்.
வீட்டைச் சுற்றிப் பார்க்கிறாள்.
எதுவும் வாய் திறக்கவில்லை.

துண்டறிக்கையில் விமான நிலைய ஓய்வறை,
வெள்ளை சோபா, கிண்ணத்தில் ஆலிவ்.
லோர்னா விமானம் ஏறியது இரண்டே தடவை.
முதலில் டூசானுக்கு, தங்கை திருமணத்துக்கு.
பிறகு அதே டூசானுக்கு,
அதே தங்கையைத் திரும்பக் கூட்டிவர.

தொலைபேசியில் ஒரு பையன்:
"அடிக்கடி பயணம் போவீர்களா, மேடம்?"
"தினமும் நூற்றுப் பன்னிரண்டு மைல்."
"அருமை! எங்கே?"
"ஹெர்மன்டவுன் பள்ளிக்கூடம். பஸ் ஓட்டுகிறேன்."
விசைப்பலகைச் சத்தம். மௌனம்.
"அது பயணம் என்ற வகையில் வராது, மேடம்.
ஆனால் கறுப்பு அட்டை உலோகம்.
கையில் எடுத்தாலே கனம் தெரியும்."
"யோசித்துச் சொல்கிறேன்."

விடியற்காலை நாலரை.
காரின் முன்கண்ணாடியில் விரல் தடிமனுக்கு உறைபனி.
சுரண்டி நவம்பரிலேயே தொலைந்தது.
வழக்கம்போல் நீல அட்டையை எடுக்கிறாள்.
அதன் மூலை ஏற்கெனவே தேய்ந்து
அவள் பெயரின் கடைசி எழுத்தைத் தின்றிருக்கிறது.

உலோகமென்றால் கண்ணாடியைக் கீறிவிடுமே,
அப்போதுதான் தோன்றுகிறது.
முன்கண்ணாடி முன்னூற்றெண்பது டாலர்.
இதை எந்த வரியில் எழுதுவது?
சிரிப்பு வந்துவிடுகிறது,
சிரித்த வேகத்தில் அழுத்திவிடுகிறாள்.

டப்.

பாதி கையுறையில், பாதி பனியில்.

இருபத்துநாலு மணி நேரச் சேவை. இப்போது ஒரு பெண்.
"அட்டை தொலைந்ததா, திருடு போனதா?"
"குளிரில் உடைந்தது."
"அப்படி ஒரு தேர்வு இங்கே இல்லையே, மேடம்.
சேதம் என்று போடுகிறேன்.
உங்களுக்கு ஒரு சலுகையும் காத்திருக்கிறது போலிருக்கிறதே.
நீலமே அனுப்பட்டுமா, இல்லை கறுப்பா?"

கண்ணாடியில் ஒரு கையளவு வட்டம்,
அதற்குள் தெருவிளக்கு.
லோர்னா மூக்கை உறிஞ்சிக்கொள்கிறாள்.

"எது சீக்கிரம் வரும்?"